எதையும் கேட்டுவிடுகிற ஒருத்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் பல வருடங்கள் ஓடிவிட்டன. விஷயத்தில் சாமியும் இருக்கிறார், சிரிப்பும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் குற்றமாகிவிடுமோ என்று ஒரு பயம். அதோடு நான் பத்தாவதைத் தாண்டாதவள். கடைக்குப் போகும் சீட்டையும் ஸ்ரீராமஜெயத்தையும் தவிர வேறு எதுவும் தொடர்ந்து எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் போனில், இது யாருடைய கதையோ அவளையே கேட்டேன். "எழுதுங்க மதினி, அதுக்கென்ன. பேரை மட்டும் போட்டுராதீங்க. எனக்கு இன்னும் ஒரு ப்ரமோஷன் பாக்கி இருக்கு" என்றாள். பிள்ளையாரப்பா, நீதான் துணை. எழுதிவிடுகிறேன்.

ஹைதராபாத்தில் அல்வால் பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில்தான் அவர்களுடைய குவார்ட்டர்ஸ். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே மத்திய அரசு அலுவலகத்தில் வேறு வேறு செக்‌ஷன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த நாளிலிருந்து கடைக்குப் போவது, பேங்குக்குப் போவது, காஸ் வராவிட்டால் சண்டை போடுவது எல்லாமே அவர்தான். இவள் வாசலுக்கு வந்தால் சிரிப்பாள், உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தவள்.

அவர் திடீரென்று மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, ஏடிஎம் கார்டை எந்தப் பக்கம் சொருகணும்?"

அன்றைக்குத் திறந்த வாய், அப்புறம் மூடவேயில்லை. ஆட்டோக்காரரைக் கேட்பாள், பால் போடுகிறவரைக் கேட்பாள், மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை உட்கார வைத்து மோர் கொடுத்து, பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்பாள். எனக்கே ஒரு நாள் தாங்காமல் சொல்லிவிட்டேன்: "ஏம்மா, இப்படித் தெருவுல போறவங்க வர்றவங்களை எல்லாம் கேக்கறியே, ஒண்ணும் தெரியாதவன்னு நினைக்க மாட்டாங்களா?"

"ஒண்ணும் தெரியாதவதானே மதினி? அவுக இருந்தவரைக்கும் நான் ஒண்ணுமே கேக்கல. இப்ப எல்லாத்தையும் சேத்துக் கேக்குதேன்."

நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.

கருணை அடிப்படையில் அவர் ஆபீஸிலேயே அவளுக்கு கிளார்க் வேலை கிடைத்தது. தெய்வச் செயல் என்று நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். ஆனால் ஆர்டரில் கீழே ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் டைப்பிங் தேர்வு பாஸ் செய்தால்தான் வேலை நிரந்தரம். வாய்ப்பு இரண்டு. இரண்டிலும் தவறினால் வேலை இல்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும். மகள் அப்போது இன்டர் முதல் வருடம், நம் ஊர்க் கணக்கில் ப்ளஸ் ஒன். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அவள் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த செக்‌ஷனில் கையெழுத்து நன்றாக இருந்தால் போதும், ராஜா மாதிரி இருக்கலாம். இப்போது அப்படியா? லீவு கேட்பது கம்ப்யூட்டரில், வந்தேன் என்று சொல்வது கம்ப்யூட்டரில், சம்பளச் சீட்டு கம்ப்யூட்டரில். ஃபைல் தூக்குகிற ஆள்கூட அதைத் திறந்து பார்க்காமல் ஒரு நாளை ஓட்ட முடியாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டு, "எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்டத்துல இருக்கு, தப்பிச்சேன்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி உட்காரச் சொன்னார்களாம். அவள் பக்கத்து நாற்காலியைக் கேட்டிருக்கிறாள், எதிர் நாற்காலியைக் கேட்டிருக்கிறாள், பிறகு நேராக ஆபீஸர் அறைக்கே போய்விட்டாள். "சார், இந்த மௌஸை எப்பிடிப் பிடிக்கணும்? ஒருக்கா பிடிச்சுக் காட்டுங்க." இந்தியில்தான் கேட்டாளாம். அவளுடைய இந்தி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தி, தெலுங்கு, திருநெல்வேலி மூன்றும் ஒரே குக்கரில் வைத்த மாதிரி இருக்கும். ஆபீஸர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு எழுந்து வந்து காட்டிக் கொடுத்தாராம்.

எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். சங்கடஹர சதுர்த்தி அன்று ஹைடெக் சிட்டி பக்கம் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அவ்வளவு தூரத்திலிருந்து பைக்கில் வந்துவிடுவார்கள். சுண்டலுக்குத்தான் வருகிறார்கள் என்று குருக்கள் சொல்வார், அது வேறு விஷயம். அந்தப் பிரசாத வரிசைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

"தம்பி, நீங்க ஐடிலயா? ஒரே ஒரு டவுட். இந்த எக்ஸெல்ல கட்டம் திடீர்னு சின்னதாப் போயிருது, எழுத்துக்குப் பதிலா வேலி மாதிரி கோடா வருது. ஏன்?"

முதலில் ஆசையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு டவுட் ஒன்பது டவுட்டாகக் குட்டி போடும் என்று தெரிந்த பிறகு, "டேய், டவுட் ஆன்ட்டி" என்று ஒருவன் குரல் கொடுத்தால் மற்றவர்கள் நவக்கிரகத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். அவளும் விடமாட்டாள். நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டே கேட்பாள். அவள் பெண் தலையில் அடித்துக்கொள்ளும். அது இங்கேயே பிறந்து வளர்ந்தது, தமிழ் புரியும், ஆனால் வாயில் தெலுங்குதான் வரும். "மம்மி, ப்ளீஸ், எவரினீ அடகொத்து" என்று கெஞ்சும். யாரையும் கேட்காதே என்று அர்த்தம்.

"ஏட்டி, கேக்காம உங்கப்பா பென்ஷன் பேப்பரை நீ நெரப்பிருவியா?" என்பாள் இவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் லலிதா சகஸ்ரநாமப் பாராயணம் நடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தேன். மடியில் புடவைக்கு மேலே பத்து விரலும் துள்ளிக்கொண்டிருந்தன. வாதமோ நரம்போ என்று பயந்துவிட்டேன். பாராயணத்தை நடத்தும் மாமியும் பார்த்துவிட்டார். முடிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்னடி அது, அம்பாள் சந்நிதியில விரலை ஆட்டிண்டு? தாளமா போடறே?"

"டைப்பிங் பழகுதேன் மாமி. நீங்க ஒவ்வொரு பேராச் சொல்லச் சொல்ல நான் அதை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கேன்."

"பாராயணத்துலயா?"

"அம்பாள் பேரைத்தானே மாமி அடிக்கேன்? நாக்கால சொன்னாப் புண்ணியம், வெரலால சொன்னா இல்லையா? எனக்குத் தெரியல. கேக்கேன், நீங்களே சொல்லுங்க."

மாமி, "குங்குமம் எடுத்துக்கோ" என்று தட்டை நீட்டினார். அடுத்த வாரத்திலிருந்து மாமி கொஞ்சம் நிதானமாகவே சொல்லிக்கொண்டு போனதாக எனக்குத் தோன்றும். நான் கேட்கவில்லை.

இப்படியாக முதல் தேர்வு வந்தது. மகளின் பழைய லேப்டாப்பில் அவள் அடிக்கும் வேகத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் தைரியமாக இருந்தோம். முடித்துவிட்டு வந்தவளும், "கொடுத்ததைப் பூரா அடிச்சுட்டேன் மதினி, நேரம்கூட மிச்சம்" என்றாள். பாயசம் வைத்தேன்.

முடிவு வந்தது. ஃபெயில். சும்மா ஃபெயில் இல்லை. அடித்த அத்தனை வார்த்தையும் தப்பு என்று வந்திருந்தது.

அவள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போய் என் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "பத்துத் தப்பு, இருவது தப்புன்னா ஒத்துக்கிடுதேன். அத்தனையும் எப்பிடி மதினி தப்பாவும்? ஒரு வார்த்தைகூடவா சரியா அடிக்கல?" ஆபீஸில் கேட்டிருக்கிறாள். "மெஷின் சொன்னா சொன்னதுதான்" என்றார்களாம். அந்தப் பதில் அவளுக்கு எப்படிப் போதும்?

எங்கள் மாடியில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் குடியிருந்தான். சாஃப்ட்வேரில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே அவன் வேலை. அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டு நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அவன் படியிறங்கும்போது பிடித்து உட்கார வைத்தாள். அவன் பொறுமையாக ஒவ்வொன்றாக விசாரித்தான்.

"ஸ்கிரீன் வந்துச்சுங்களா? சரி. மொதல்ல என்னங்க்கா அடிச்சீங்க?"

"மொதல்லயா? பிள்ளையார் சுழிதான்."

"என்னங்க?"

"பிள்ளையார் சுழி தம்பி. அதுல தமிழ் உ இல்ல பாத்துக்கிடுங்க. அதனால இங்கிலீஷ் u ஒண்ணு போட்டு, ஒரு எடம் விட்டு, அப்புறம் ஆரம்பிச்சேன்."

பையன் சிரிக்க ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"அக்கா, அந்த சாஃப்ட்வேர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குமுங்க. அவங்க கொடுத்த மொதல் வார்த்தைக்கு உங்க மொதல் வார்த்தை, ரெண்டாவதுக்கு ரெண்டாவது. நீங்க முன்னாடி ஒண்ணைச் செருகிட்டீங்க. பஸ்ஸுல மொத சீட்டுல ஒருத்தர் மாறி உக்காந்தா கடைசி சீட்டு வரைக்கும் எல்லாரும் மாறி உக்காரணுமில்லீங்களா? அதுதான் ஆயிருக்குது. உங்க டைப்பிங்கெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும்."

எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, பிள்ளையாரிடம் சண்டைக்குப் போக வேண்டும் போலவும் இருந்தது. ஒரு எழுத்து. அவருக்காகப் போட்ட ஒரே ஒரு எழுத்து.

"அவ்வளவுதானேங்க்கா, அடுத்த தடவை போடாம அடிச்சிருங்க" என்று பையன் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது சரிதான். ஆனால் அது அவ்வளவு லேசாக இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். போடாமல் ஆரம்பித்தால் இரண்டாவது வரிக்குள் விரல் தடுமாறுகிறது, மனசு பின்னாலேயே நிற்கிறது. கவனிக்காமல் உட்கார்ந்தால் கை தானாகப் போய் அந்த எழுத்தைத் தட்டிவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பழக்கம் மட்டுமில்லை. மளிகைச் சீட்டுக்குக்கூட நான் அதைப் போடாமல் எழுதியதில்லை. இருந்த பெரிய துணை போன பிறகு ஒருத்தி எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாளோ அதை, அவள் வாழ்க்கையின் அவ்வளவு பெரிய நாளில் விட்டுவிடு என்றால் எப்படி விடுவாள்?

வழக்கம்போல எல்லோரையும் கேட்டாள்.

மகள், அடித்துவிட்டு உடனே அழித்துவிடச் சொன்னது. "பிள்ளையாரையா அழிக்கச் சொல்லுத? நல்லாருக்குட்டி நியாயம்" என்று விட்டாள். என் வீட்டுக்காரர், அந்தக் கீயை அமுக்காமல் சும்மா தொட்டு வைக்கச் சொன்னார். "அமுக்காத எழுத்து எழுத்தா அண்ணாச்சி?" என்றாள். மாமி, அதிகாலையிலேயே வீட்டில் நோட்டில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். "அது வீட்டுல எழுதுததுக்கு ஆச்சு. அங்க எழுதுததுக்கு?"

குருக்களைக் கேட்டோம். அவர் தாடையைச் சொறிந்தார். "ஆகமத்துல கீபோர்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா. எனக்கே இந்த ஆன்லைன் அர்ச்சனை மெஷின்ல ரசீது வரமாட்டேங்கறது. அதைக் கொஞ்சம் பாரேன்."

"அது எனக்குத் தெரியாது சாமி. இருங்க, கேட்டுச் சொல்லுதேன்" என்று நவக்கிரகத்துப் பின்னாலிருந்து ஒரு பையனைக் கையோடு இழுத்து வந்தாள். ரசீது வந்தது. அவளுடைய கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

இரண்டாவது தேர்வு நாள். காலையில் கோயில் வாசலில் என்னிடம், "என்ன செய்யப்போறேன்னு எனக்கே தெரியல மதினி" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. அன்று முழுவதும் எனக்கு அங்கேதான் இடம். அன்றைக்கு ஹாலில் நடந்ததை அவளும் சொன்னாள். அதே ஹாலில் ப்ரமோஷனுக்காகத் தேர்வு எழுதிய என் வீட்டுக்காரர் செக்‌ஷன் ஆள் ஒருவரும் சொன்னார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஆகையால் எழுதுகிறேன்.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வயதான முஸ்லிம் பெரியவர், வெள்ளைத் தாடி, ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர். விதிமுறையெல்லாம் வாசித்துவிட்டு, எல்லாத் தேர்விலும் வழக்கமாகச் சொல்வதுபோல, "யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். அந்த மாதிரி இடத்தில் யாரும் கேட்பதில்லை. இவள் எழுந்து நின்றாள்.

"சார், டைம் ஆரம்பிக்கும் முன்னால ஒரு எழுத்து அடிச்சுக்கலாமா?"

"கைக்கு அம்மா?" என்றார் அவர். எதற்கு என்று கேட்கிறார்.

எதற்கு என்று சொன்னாள். தன் குக்கர் இந்தியில், பிள்ளையார் சுழி என்றால் என்ன, போன தடவை அதைப் போட்டதால் என்ன ஆயிற்று, இதுதான் கடைசி வாய்ப்பு, போடாமலும் கை வரவில்லை, போட்டால் வேலை போய்விடும், எல்லாவற்றையும் ஹால் முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஹாலே சிரித்தது. பின் வரிசையில் ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம்.

பெரியவர் சிரிக்கவில்லை. "கைக்கு ஹஸ்ரே?" என்று ஒரு அதட்டுப் போட்டார், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று. சிரிப்பு நின்றது. அப்புறம் அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னாராம்: "எங்க அம்மா, பரீட்சைத் தாள் தலையில பிஸ்மில்லாவுக்கு அடையாளமா 786 போட்டியான்னு கேட்டுட்டுத்தான் எனக்குச் சோறே போடுவாங்க. உட்காருங்கம்மா."

தன் மேஜையில் இருந்த விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கீபோர்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள, தேர்வு தொடங்கும் முன் எல்லோருக்கும் ஒரு வெறும் பக்கம் திறந்துவிடலாம் என்று அதிலேயே இருக்கிறது. இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, ஆகையால் ஒருவரும் திறந்ததில்லை. அதைத் திறக்கச் சொன்னார்.

"இந்தப் பக்கத்துக்கு மார்க் கிடையாது. யாரும் பார்க்கவும் மாட்டாங்க. அவங்கவங்களுக்கு என்ன அடிக்கணுமோ அடிச்சுக்குங்க" என்றார்.

அவள் அந்த ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுக் கைகூப்பினாள். நிமிர்ந்தால் ஹால் முழுவதும் டக் டக்கென்று சத்தம். இப்போதுதான் சிரித்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜையைத் தட்டிச் சிரித்தவர்தான் கடைசியாக முடித்தாராம். என்ன அடித்தார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு அந்தப் பக்கம் மறைந்தது, தேர்வுப் பக்கம் வந்தது. அவள் முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் பாஸ் செய்தாள். வேலை நிரந்தரம் ஆயிற்று. குவார்ட்டர்ஸ் நின்றது. பெண் இன்டர் முடித்து எஞ்சினியரிங் சேர்ந்து இப்போது பெங்களூரில் இருக்கிறது. அம்மாவுக்குச் சென்னைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. புது ஆபீஸில் முதல் நாளே செக்யூரிட்டியிடம் பத்துக் கேள்வி கேட்டேன் என்று போனில் சொன்னாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் போன வருடம் எங்கள் பக்திக் குழுவின் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ஹைதராபாத்தில் ஒரு ஏழை விதவை தேர்வில் கண்ணை மூடி விநாயகரை வேண்டினாளாம். கீபோர்டு விசைகள் தாமாகவே எழும்பி இறங்கினவாம். திரையில் ஓங்காரம் தெரிந்ததாம். இதைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் வேலை நிச்சயமாம். நான் அதை அவளுக்கே அனுப்பி வைத்தேன். பதிலாகக் குரல் செய்தி வந்தது. "தானாவா எழும்பிச்சு? அப்ப மூணு மாசமா மணிக்கட்டு வலிச்சது யாருக்கு மதினி?"

பிள்ளையார் அன்றைக்கு அந்த ஹாலில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர் இல்லாத இடம் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்ட வாய் அவளுடையது, அடித்த விரல் அவளுடையது. ஆகையால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தனை பேருக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அனுப்பினால் இன்னது கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே சொல்லுங்கள். முக்கியமாக, விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டி அந்த வெறும் பக்கத்தைத் திறக்கச் சொன்ன பெரியவரை விட்டுவிடாதீர்கள். வாட்ஸப்பில் வந்த கதையில் அவர் இல்லவே இல்லை.